மூன்றாம் ஓலைக்கு எழுந்து நின்ற ஞானமணி சிஸ்டர்

நான் இருக்கும் ஊரில் சாலையோரம் சும்மா நிற்க முடியாது. கனடாவின் கிழக்குக் கோடியில், கடலுக்குள் தனியாகக் கிடக்கும் ஒரு தீவு இது. பேருந்துக்காகவோ, கையுறையைத் தேடிப் பையைக் குடைவதற்காகவோ நடைபாதையின் ஓரத்தில் ஒரு நிமிடம் நின்றால் போதும், வருகிற கார் நின்றுவிடும். ஓட்டுகிறவர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டுவார், கடந்து போங்கள் என்று. நான் எங்கும் போகவில்லை ஐயா என்று தலையை ஆட்டினால் இன்னும் அன்பாகக் கையைக் காட்டுவார். அவருக்குப் பின்னால் நான்கு கார்கள் சேர்ந்துவிடும். ஒருவரும் ஹாரன் அடிக்கமாட்டார்கள், அதுதான் பெரிய கொடுமை. வந்த புதிதில் மனசு கேட்காமல் கடந்துவிடுவேன். அந்தப் பக்கம் போய் நின்று, திரும்பி வரலாம் என்று பார்த்தால் அங்கே இன்னொரு மகராசன் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். நாகர்கோவிலில் வடசேரி பேருந்து நிலையத்தின் முன்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்து பழகியவளுக்கு இந்த மரியாதை தாங்கவில்லை. இப்படி நான்கு தடவை கடந்து, பேருந்தைக் கோட்டைவிட்ட நாளும் உண்டு.

இந்த ஊர்க்காரர்கள் எதையும் நம் சம்மதம் கேட்டுத்தான் செய்வார்கள். அந்தச் சம்மதம்தான் என் வேலையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. இங்கே ஒரு மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் நான் நூலகர். நூலகர் என்றதும் அலமாரி, தூசி, முத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். என் நூலகத்தில் ஒரு புத்தகம் கிடையாது. ரெப்பாசிட்டரி என்று பெயர். பல்கலைக்கழகத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் எழுதிய ஆய்வேடுகளைக் கணினியில் ஏற்றி, யார் எழுதியது, எதைப் பற்றியது, எந்த ஊரைப் பற்றியது என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதி, உலகத்தில் எவரும் காசில்லாமல் படிக்கும்படி வைப்பது. இதை நான் தொலைபேசியில் அம்மாவுக்கு விளக்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. அம்மா பனியம்மாள், கடியப்பட்டணத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்னக் கடப்புறத்தில், கடலோர மீனவக் கிராமத்தில், இருக்கிறாள். முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும் தலையில் கூடை சுமந்து மீன் விற்றவள்.

"புஸ்தகம் உண்டா மக்கா?"

"இல்லம்மா."

"வாசிக்க ஆளு வருமா?"

"வராது. அவங்க வீட்டுல இருந்தே வாசிப்பாங்க."

"பின்ன நீ எதுக்கு அங்க காவலு இருக்கா?"



நான் வந்து இரண்டு வருடம் ஆனபோது கட்டடத்தின் அடித்தளத்தில் கிடந்த பழைய ஆய்வேடுகளை ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அட்டை போட்டுக் கட்டிய தட்டச்சுப் பிரதிகள், நூற்றுக்கணக்கில். அடித்தளத்தைப் பார்த்துக்கொள்பவர் ஜெரால்டு, காட் மீன் பிடித்த குடும்பத்து மனிதர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. அவர் எடுத்துத் தருவார், நான் ஸ்கேன் செய்வேன். சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவிலிருந்து பிரெண்டா என்ற அம்மையார் வந்தார். எழுதியவர் சம்மதம் இல்லாமல் ஒரு பக்கத்தைக்கூட வெளியே காட்டக்கூடாது என்றார். எழுதி முப்பது வருடம் ஆன மனிதர்களை எங்கே போய்த் தேடுவது? அனுப்பிய கடிதங்களில் பாதி, ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. வருட முடிவுக்குள் சம்மதம் வராதவை எல்லாம் பூட்டுப் போட்ட சேமிப்புக்குப் போகும், பிறகு யாருக்கும் கிடைக்காது என்று முடிவாயிற்று.

கூட்டத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு என்று ஆரம்பித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள், ஓலை வாசிப்பது என்று சொல்லுவோம். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். மூன்றாம் ஓலைக்கும் யாரும் வாய் திறக்காவிட்டால் கல்யாணம்தான். அதுபோல ஆய்வேடுகளின் பெயர்களை ஊரறிய மூன்று தடவை அறிவிப்போமே என்றேன். பிரெண்டா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மிகக் கவனமாகக் கேட்டார்: "ஆய்வேடு எழுதியவர்களுக்கு நாம் கல்யாணம் செய்து வைக்க வேண்டுமா?" மேசையில் ஒருவரும் சிரிக்கவில்லை, அவர் சிரிக்காததால். மூலையிலிருந்து ஜெரால்டுதான் என்னைக் காப்பாற்றினார். அவருடைய பெற்றோருக்கும் இந்தத் தீவின் கோயிலில் அப்படித்தான் மூன்று வாரம் வாசித்தார்களாம். ஆயர் சபையில் சாட்சி சொல்கிறவர் மாதிரி எழுந்து நின்று சொன்னார். கடைசியில் பிரெண்டா ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: அறிவிப்பு ஆட்களைத் தேடுவதற்கு உதவும், ஆனால் கையெழுத்து கையெழுத்துதான்.

அதற்கு அடுத்த வாரம் அடித்தளத்தில் நான் போட்ட கூச்சலில் எலி என்று நினைத்து ஜெரால்டு துடைப்பத்தோடு ஓடி வந்தார். என் கையில் இருந்த ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், எழுதியவர் ஞானமணி, ஊர் நாகர்கோவில் என்று இருந்தது. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து உதவித்தொகையில் வந்து படித்துப்போன செவிலியர். கடலோரப் பிள்ளைத்தாச்சிப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதை நம்புகிறார்கள், யாரிடம் யோசனை கேட்கிறார்கள் என்பது பொருள். பன்னிரண்டு பெண்கள், பெயர் இல்லை, எண்கள் மட்டும். கிராமத்தின் பெயரும் இல்லை. ஆனால் கடைசியில் ஒட்டியிருந்த மங்கிய புகைப்படத்தில் எங்கள் கோயில் இருந்தது. கோயில் படியும், படியில் காயப்போட்ட நெத்திலியும். எங்கள் ஊர்ப் பங்குத்தந்தைகள் எல்லாரும் கத்திக் கத்தித் தோற்ற அதே நெத்திலி.  இத்தனை ஆயிரம் மைல் தள்ளி, பனிக்கட்டிக்கு அடியில், எங்கள் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்! மற்றவை பூட்டுக்குள் போனாலும் இது போகக்கூடாது, போக விடமாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், முகவரி தெரியாது என்று மரியாதையான பதில் வந்தது. பிறகு என் அண்ணன் மனைவி ஜெனிட்டா மைனிக்கு மின்னஞ்சலில் ஒரு அறிவிப்பு அனுப்பி, கோயிலில் வாசிக்கச் சொன்னேன். அந்த வாசகத்தை எழுதியது நான்தான், பழியை வேறு யார்மேலும் போட முடியாது. தலை முழுக்க ஓலையே ஓடிக்கொண்டிருந்ததால் இப்படி எழுதியிருந்தேன்: "நாகர்கோவிலைச் சேர்ந்த ஞானமணி என்னும் செவிலியர் பல வருடங்களுக்கு முன் நம் ஊருக்கு வந்து பழகியவர். இவரைப் பற்றித் தெரிந்தவர்களும், மறுப்பு உள்ளவர்களும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குள் தெரிவிக்கவும்." மைனி தாளை, கோயிலில் அறிவிப்பு வாசிக்கும் உபதேசியாரிடம் கொடுத்திருக்கிறாள். மறுப்பு, மூன்று ஞாயிறு என்பதையெல்லாம் பார்த்த உபதேசியார் அதைக் கல்யாண ஓலைகளோடு சேர்த்து வைத்துவிட்டார்.

மைனி தொலைபேசியில் சொன்னாள்: "மொத ஓலை வாசிச்சாச்சு கேட்டியா. ஊருக்கெல்லாம் ரொம்ப சந்தோசம்." நான் பூரித்துப்போனேன். ஒரு ஆய்வேட்டுக்காக இப்படிச் சந்தோஷப்படுகிற ஊர் உலகத்தில் எங்கே உண்டு! ஜெரால்டிடம்கூடப் பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால் விடுமுறையில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். பத்து நாள்தான் லீவு. அதற்குள் ஆளைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கவேண்டும். ஞாயிறு காலைப் பூசையில் தூக்கம் கண்ணைக் கட்டியது. தீவில் அப்போது இரவல்லவா! நன்றி மன்றாட்டு முடிந்ததும் உபதேசியார் ஒலிபெருக்கிக்கு முன் வந்து தொண்டையைச் செருமினார். "மூன்றாம் முறையாக வாசிக்கப்படும் திருமண ஓலைகள்" என்று ஆரம்பித்து, ஒரு ஜோடி வாசித்தார், இரண்டாவது ஜோடி வாசித்தார், அதே மூச்சில் என் தாளை வாசித்தார். என் தூக்கம் பறந்தது. மாப்பிள்ளை பெயர் இல்லாததால் ஊரே ஒரு மாப்பிள்ளையைத் தீர்மானித்திருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. பக்கத்தில் இருந்த அம்மா மெல்லக் கண்ணால் காட்டினாள். ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் மனைவியை இழந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருந்தார். தலைமுடிக்குப் புதிதாகக் கருமை பூசியிருந்தார்.

"தடை அறிந்தவர்கள்…" என்று உபதேசியார் முடிப்பதற்குள் பின்வாசல் பக்கமிருந்து ஒரு குடை தரையில் ஓங்கித் தட்டியது.

"எனக்கு மறுப்பு உண்டு வே!"

ஊர் மொத்தமும் திரும்பியது. வெள்ளைப் பருத்திச் சேலை, நரைத்த கொண்டை, கையில் குடை. "நான்தான் அந்த ஞானமணி. சிஎஸ்ஐ சபைக்காரி, ஒங்க கோயிலுக்கே ஆளில்ல. அறுபதை எட்டுத வயசுல எனக்கு ஆரு வே கல்யாணம் பேசினது? ஆளைக் காட்டும் பாப்போம்!" கணக்கு வாத்தியார் முழங்காலில் நின்று தலையைப் பெஞ்சுக்குள் நுழைத்துக்கொண்டார். இளம் பங்குத்தந்தை உபதேசியாரைப் பார்த்தார், உபதேசியார் மைனியைப் பார்த்தார், மைனி என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் நான் எழுந்து நின்றேன். "சிஸ்டர், தப்பு எனக்கதுதான். கல்யாணம் ஒண்ணும் இல்ல. நீங்க கனடாவுல எழுதின ஆய்வேட்டுக்காக வாசிக்கச் சொன்னேன்" என்றேன்.  பிறகு பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரிக்க, கோயில் ஓடு பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது. அன்று பங்குத்தந்தை இறுதி ஆசீரைச் சிரிப்பினூடேதான் கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, மைனி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். சிஸ்டரின் வீடு இராஜாக்கமங்கலம் போகிற வழியில். எங்கள் ஊரிலிருந்து அங்கே மீன் கொண்டுபோகிற ஒருத்தி, சாளை மீனை எண்ணிப் போட்டுக்கொண்டே, "என்ன சிஸ்டரே, கல்யாணமாம், நமக்கு ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து சிஸ்டருக்குத் தூக்கமில்லை. "நாலு நல்ல கேள்வி கேக்கணும்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். ஒண்ணுதான் கேக்க முடிஞ்சு" என்று காப்பியை ஊதிக்கொண்டே சொன்னார். கோபம் இறங்கிவிட்டிருந்தது. நான் மடிக்கணினியைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினேன். காப்பிக் கப்பை வைக்க இடம் தெரியாமல் மைனியிடமே திருப்பிக் கொடுத்தார். அவருடைய பிரதியைக் கரையான் தின்று பல வருடம் ஆகிறதாம். படித்துவிட்டு வந்த மறுநாளே பழைய வார்டுக்குப் போனவரிடம், என்ன எழுதினாய் என்று ஒரு மனுஷரும் கேட்டதில்லையாம். "நானே மறந்து போனேன்மா. இது எங்கயோ இருக்குன்னு நெனச்சுகூடப் பாக்கல" என்றவர், கண்ணைக்கூடத் துடைக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

இதுதான் நேரம் என்று சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினேன். படித்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார்.

"மாட்டேன்."

"என்ன சிஸ்டர்?"

"எழுதினது நான். பேசினது அவங்க. ஒனக்க பேச்சு ஊருக்குள்ள திரும்பி வராதுன்னு பன்னெண்டு பேருகிட்டயும் பைபிள் மேல கைய வச்சுச் சொல்லியிருக்கேன். மாமியாரப் பத்தி, மாப்பிள்ளையப் பத்தி, என்னெல்லாமோ சொன்னாளுவ. இப்ப நீ கம்ப்யூட்டர்ல போட்டா நாளைக்கு இந்த ஊருப் பயலுவ செல்போன்ல வாசிப்பான். எனக்குக் கையெழுத்துப் போட என்ன உரிமை?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை தூரம் வந்து, ஊர் சிரிக்க ஆளைக் கண்டுபிடித்து, கடைசியில் இதுவா? வருட முடிவு, பூட்டு, பிரெண்டா என்று என்னென்னவோ சொன்னேன். அவர் அசையவில்லை. யோசிக்க யோசிக்க அவர் சொல்வதுதான் சரி என்று தெரிந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். பிரெண்டாவே இந்த இடத்தில் எழுந்து நின்று வணங்கியிருப்பார். "அப்ப அவங்ககிட்டயே கேப்போம் சிஸ்டர். நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

புதன்கிழமை மதியம், கடற்கரையில் வலை பின்னுகிற வலைக்கூடத்தில் கூடினோம். மைனி வீடு வீடாகப் போய், சிஸ்டரின் பழைய நினைவையும் ஊராரின் நினைவையும் ஒட்டுப்போட்டு எல்லாரையும் கண்டுபிடித்திருந்தாள். பன்னிரண்டில் ஒன்பது பேர் இருந்தார்கள், போய்ச்சேர்ந்த மூவரின் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அம்மாவும் வந்து முன்னால் உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்க வந்தாளாக்கும் என்று நினைத்தேன். சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தான் எழுதிய ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாம் எண் பெண், குழம்பில் மீன் துண்டமெல்லாம் மகனுக்குப் போட்டுவிட்டு மருமகளுக்குச் சாறு மட்டும் ஊற்றும் மாமியாரைப் பற்றிப் பேசியிருந்தாள். வாசித்து முடித்ததும் சிஸ்டர் பயந்துகொண்டே நிமிர்ந்தார்.

"அது நான்தான்!" என்று கையைத் தூக்கினாள் ரோசம்மா மாமி. "அந்த மனுசி போயி காலமாச்சு. போடும்மா, நல்லா போடு."

"ஒனக்க மருமவளுக்கு நீ துண்டம் குடுக்கியா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

வாசலில் நின்ற மருமகள் சாவகாசமாகச் சொன்னாள்: "தல மட்டும் கெடைக்கும்."

வலைக்கூடம் குலுங்கியது. அதற்குப் பிறகு ஒருத்திக்கும் வெட்கமில்லை. என்னுடையதை வாசி, என்னுடையதை வாசி என்று பிடுங்கி எடுத்தார்கள். சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது. ஏழாம் எண் என்று அவர் ஆரம்பித்ததும் அம்மா இடைமறித்தாள்.

"அதென்ன சிஸ்டரே, நம்பரு? நம்பரு வள்ளத்துக்கு உள்ளது. எனக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேரு உண்டு. போட்டா பேரோட போடணும், இல்லேன்னா வேண்டாம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சிஸ்டர் தொடர்ந்து வாசித்தார். ஏழாம் எண், இரண்டாவது பிள்ளைத்தாச்சி. சாளை மட்டும்தான் இறங்குகிறது. வயிற்றுக்குள் இருப்பது இரவெல்லாம் உருளுகிறது. பெண் சொன்னது அப்படியே எழுதப்பட்டிருந்தது, அதை சிஸ்டர் அன்றைக்குக் கேட்ட மாதிரியே சொன்னார்: "இது ஒரு எடத்துல அடங்கிக் கெடக்காது சிஸ்டரே. இங்க கைய வச்சா அங்க போயி நிக்குது."

அண்ணன் சூசைக்கு அடுத்தது நான். ஆய்வேட்டின் வருடம் நான் பிறந்த வருடம். அந்த வருடத்தை என் கையாலேயே கணினியில் அடித்திருக்கிறேன். ஸ்கேன் செய்கிறவள் படிப்பதில்லை, பக்கங்களை எண்ணிக்கொண்டு போய்விடுகிறாள். "அம்மா, இது நானா?" என்றேன். "பின்ன ஆரு? எனக்கு வேற பொட்டப்பிள்ள உண்டா?" என்றாள் அம்மா, ஏதோ கடையில் நின்று தேங்காய் விலை சொல்வதுபோல. அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் ரேகை வைத்தார்கள். மூன்று பேருக்குப் பிள்ளைகள் போட்டார்கள். எல்லாருக்கும் கடைசியாக ஞானமணி சிஸ்டர் போட்டார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி. பெயர் போடவேண்டும் என்ற அம்மாவின் கட்டளைக்காக நான் தீவுக்குத் திரும்பிப் பிரெண்டாவுடன் இரண்டு வாரம் சண்டை போட்டேன். ஆய்வில் பங்கெடுத்தவர் பெயரை வெளியிடும் வழக்கமே இல்லை என்றார். அவர்களே கேட்கிறார்கள் என்று பன்னிரண்டு தாள்களையும் மேசைமேல் பரப்பினேன். ரேகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, விவரப் பக்கத்தில் குறிப்பாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டேன். இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையிலிருந்து திறந்தாலும் ஞானமணி என்ற பெயருக்குக் கீழே ரோசம்மாவும் பனியம்மாளும் இருக்கிறார்கள்.

அடுத்த மாதம் நிரந்தரக் குடியுரிமைப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுக்கு முதன்முதலாக வந்தது எப்போது என்று ஒரு கேள்வி. இரண்டாயிரத்து ஒன்பது என்று எழுதிவிட்டு என்னையறியாமல் சிரித்தேன். எதிரே சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஜெரால்டு என்ன என்று கேட்டார். பொய் எழுதிவிட்டேன் என்றேன். மனிதர் பதறிப்போனார், அரசாங்கப் படிவமாயிற்றே! அவரை எழுப்பி, பழைய அட்டைப் பிரதி இருக்கும் அலமாரிக்குக் கூட்டிப்போனேன். ஏழாம் எண்ணின் பக்கத்தைப் பிரித்து, அந்த வரியில் விரலை வைத்து, இது நான்தான் என்றேன். ஞானமணி சிஸ்டர் குறிப்பேட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கப்பலேறியோ விமானமேறியோ இங்கே வந்து இறங்கிய அன்றைக்கு, கடப்புறத்தில் நான் இன்னும் பிறக்கவே இல்லை, ஆனால் அந்தக் குறிப்பேட்டுக்குள் நான் அப்போதே வந்துவிட்டேன். ஜெரால்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு, வயிற்றுப் பிள்ளை உருளுகிறதா என்று பார்ப்பவர் மாதிரி, அந்த வரியின்மேல் மெல்ல உள்ளங்கையை வைத்தார்.